முன்பு வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர், இப்போது ஏன் புன்னகையோடு நிறுத்திவிடுகிறார்?

கடைசிவரிசை எழுதியது:

யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இழை முழுவதும் அவரைப் பற்றிய சண்டையாகிவிடும். மேடையில் தனியாக நின்று பேசியே சிரிக்க வைக்கும் ஒரு ஸ்டாண்ட்-அப் கலைஞர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் ஒரு மணி நேர நிகழ்ச்சியைப் பார்த்தபோது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அடுத்தது நன்றாக இருந்தது. அதற்கடுத்தது பரவாயில்லை. அண்மையில் வந்ததில் ஆள் அதே ஆள், குரல் அதே குரல், எங்கே நிறுத்தவேண்டும் என்ற கணக்குகூடப் பிசகவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வரவில்லை. அரங்கில் இருந்தவர்களோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

ஒருவரோடு நின்றிருந்தால் ரசனை மாறிவிட்டது என்று விட்டிருப்பேன். எனக்குப் பிடித்த பெரும்பாலானவர்கள் இப்படித்தான் ஆகிறார்கள். பாடகர் ஒருவரின் புதிய பாட்டு சுமாராக இருந்தால், அவருக்குப் பாடவே தெரியாமல் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சிரிக்க வைப்பவர்களிடம் மட்டும் திறமையே ஆவியாகிவிட்டதுபோல் தெரிகிறதே, ஏன்? மாறியது அவரா, நானா?

புள்ளிக்கணக்கு எழுதியது:

இருவரும் மாறாமலேயே இது நடக்கும். அவர் உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தார் என்று யோசியுங்கள். அந்த நிகழ்ச்சி அபாரமாக அமைந்ததால்தான் கைமாறிக் கைமாறி உங்கள் வரை வந்தது. அதற்கு முன் அவர் மேடையில் சொதப்பிய இரவுகளை நீங்கள் பார்க்கவில்லை. ஒருவரை அவருடைய உச்சத்தில் சந்தித்தால், அடுத்து எப்போது பார்த்தாலும் இறக்கமாகத்தான் தெரியும். புள்ளியியலில் இதைச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்பார்கள்.

இன்னொன்று, காலம். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஸ்டீவ் மார்ட்டின் தன் 18 ஆண்டு மேடை வாழ்வைப் பங்குபோட்டுச் சொன்ன கணக்கு உண்டு: கற்றுக்கொள்ள 10, செப்பனிட 4, பெருவெற்றி 4. நீங்கள் பார்த்த முதல் ஒரு மணி நேரம் அந்த மாதிரியான பதினான்கு ஆண்டுகளின் சாறு. அடுத்த ஒரு மணி நேரத்தை ஓரிரு ஆண்டில் கேட்கிறார்கள். சரக்கு மெலிவது இயல்பு.

அரைச்சிரிப்பு எழுதியது:

இத்தனை கணக்கு எதற்கு? பணம் வந்துவிட்டது. முன்பு வாடகை கொடுக்க முடியாததைப் பற்றிப் பேசினார், இப்போது விமானத்தின் முதல் வகுப்பில் தலையணை சரியில்லை என்று பேசுகிறார். நான் எதற்குச் சிரிக்கவேண்டும்?

நள்ளிரவுவாசகி எழுதியது:

கடைசிவரிசை, ஒரு கேள்வி. முதல் நிகழ்ச்சியை யாரோடு பார்த்தீர்கள்? அண்மையில் வந்ததை யாரோடு பார்த்தீர்கள்?

கடைசிவரிசை எழுதியது:

முதலாவதை நண்பர்களோடு. இப்போது வந்ததைத் தனியாக, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு.

நள்ளிரவுவாசகி எழுதியது:

அதனால்தான் கேட்டேன். ராபர்ட் புரோவைன் என்ற உளவியலாளர் சிரிப்பை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்க்காமல், மனிதர்கள் அன்றாடம் எங்கே எப்போது சிரிக்கிறார்கள் என்று கவனித்துக் குறித்தவர். தனியாக இருக்கும்போது சிரிப்பதைப்போல் ஏறத்தாழ 30 மடங்கு, பிறரோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்று கண்டார். அதைவிட வேடிக்கை, பேச்சின் நடுவே எழும் சிரிப்பில் பெரும்பகுதி எந்த நகைச்சுவைக்கும் பிறகு வருவதில்லை. “சரி, நாளை பார்ப்போம்” போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பிறகுதான் வருகிறது. சிரிப்பு முதலில் உறவுக்கான ஒலி. நகைச்சுவை அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் இதை 1950களிலேயே புரிந்துகொண்டார்கள். சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் பதிவு செய்த சிரிப்புகளை ஒரு பெட்டியில் அடைத்து, வேண்டிய இடத்தில் விசையை அழுத்தி எழுப்பும் கருவியையே செய்துவிட்டார்.

ஆகவே நீங்கள் ஒப்பிட்டது இரண்டு நிகழ்ச்சிகளை என்பதைவிட, இரண்டு மாலைப்பொழுதுகளை என்பது பொருத்தம்.

புள்ளிக்கணக்கு எழுதியது:

ஒரு சிறு திருத்தம், அம்மா. அந்த 30 மடங்கு என்பது தொலைக்காட்சி, வானொலி, புத்தகம் எதுவும் கையில் இல்லாத நேரங்களின் கணக்கு. திரையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் நாம் முழுத் தனிமையில் இல்லை. அங்கே இடைவெளி இவ்வளவு பெரிதாக இராது. நீங்கள் சொன்ன திசை சரி, எண்ணை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்த முடியாது.

கடைசிவரிசை எழுதியது:

தனிமை ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். அதே வாரம், அதே ஹெட்போனில், முன்பின் கேள்விப்படாத ஒரு பெண்ணின் பத்து நிமிடத் துண்டு ஒன்றைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தேன். அதற்கு யார் துணை?

ஒலிவாங்கி எழுதியது:

நான் வார இறுதிகளில் மேடை ஏறுகிறவன். பெயர் சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் இந்தத் தொழிலின் உட்பக்கம் கொஞ்சம் தெரியும். இதுவரை வந்த பதில்கள் எல்லாம் பார்வையாளரின் இருக்கையிலிருந்து வந்தவை. மைக்கின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு ஜோக் எழுதப்படுவதில்லை, தேய்க்கப்படுகிறது. வீட்டில் எழுதும்போது எனக்குச் சிரிப்பாக இருக்கும். யார் வேண்டுமானாலும் மேடை ஏறிப் பார்க்கும் ஓப்பன் மைக்கில் சொன்னால் மௌனம். மறுநாள் ஒரு சொல்லை வெட்டுவேன். பீடிகையில் இருந்த விளக்கத்தை எடுத்துவிடுவேன். பஞ்ச், அதாவது சிரிப்பை வெடிக்கவைக்கும் முடிவு வாக்கியத்தில் சிரிக்க வைக்கும் சொல் நடுவில் கிடந்தால் அதை இழுத்துக் கடைசிக்குக் கொண்டுவருவேன். இல்லையென்றால் சிரிப்பு எழும்போது நான் இன்னும் பேசிக்கொண்டிருப்பேன், என் குரலே அதை அமுக்கிவிடும். இப்படித் தேய்த்துத் தேய்த்து ஐந்து நிமிடம் தேறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுப்பது யார்? என்னைத் தெரியாத, என்மேல் எந்தக் கடனும் இல்லாத அந்த நாற்பது பேர். அவர்கள் சிரித்தால் அது சிரிப்பு. சிரிக்காவிட்டால் ஜோக் சரியில்லை. இவ்வளவு நேர்மையான அளவுகோல் எழுத்தாளர்களுக்குக்கூடக் கிடையாது.

புகழ் வந்ததும் முதலில் உடைவது இந்த அளவுகோல்தான். அவர் மேடைக்கு வந்து மைக்கைத் தொடும்போதே சிரிக்கிறார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து, ஊர்விட்டு ஊர் வந்து, ஏற்கெனவே நேசிக்கிறவர்கள். பாதி வெந்த வாக்கியத்துக்கும் அதே ஆரவாரம். எது தேறியது, எது தேறவில்லை என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள், உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றீர்களே, அவர்கள் சிரித்தது பொய்யில்லை. அவர்கள் அவரைப் பார்க்க வந்தவர்கள். நீங்கள் ஜோக்கைக் கேட்க உட்கார்ந்தவர்.

மேலே ஒருவர் ஸ்டீவ் மார்ட்டின் பெயரைச் சொன்னார். பல்லாயிரம் பேர் கூடும் அரங்குகளை நிரப்பிக்கொண்டிருந்தபோதுதான், 1981 வாக்கில், அவர் ஸ்டாண்ட்-அப்பை விட்டார். கூட்டமே வரிகளை முந்திக்கொண்டு கத்துகிற நிலை. தன்னை நகைச்சுவைக் கலைஞனாகக் காணாமல், ஒரு கொண்டாட்டத்தை நடத்திவைக்கும் ஆளாகவே கண்டதாகப் பின்னாளில் எழுதினார். தோற்றுப்போய் விட்டவர் இல்லை. அளவுகோல் உடைந்ததைக் கவனித்தவர்.

அரைச்சிரிப்பு எழுதியது:

அப்படியானால் புகழ் பெற்றவர்கள் எல்லோரும் விலகவேண்டியதுதானா?

ஒலிவாங்கி எழுதியது:

இல்லை. தொலைக்காட்சித் தொடரால் பெரும்புகழ் பெற்ற அமெரிக்கக் கலைஞர் ஜெர்ரி செயின்ஃபெல்டு 1998-இல் தன் பழைய சரக்கை எல்லாம் கடைசி முறையாக மேடையில் சொல்லிவிட்டு மூட்டை கட்டினார். பிறகு கையில் ஒன்றுமில்லாமல் சிறிய கிளப்புகளுக்குப் போய், தட்டுத்தடுமாறி, நடுவில் மறந்துபோய் நின்று, மறுபடி நிமிடம் நிமிடமாகச் சேர்த்தார். 2002-இல் வந்த ஓர் ஆவணப்படத்தில் அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கலாம். உலகறிந்த முகம் என்பதால் முதல் ஓரிரு நிமிடம் கைதட்டல் கிடைக்கிறது. அதன்பின் சிறிய அறையின் மௌனம் எவரையும் விடுவதில்லை. பெரிய அரங்கில் அந்த மௌனம் கிடைக்காது, அதுதான் சிக்கல்.

ஏடுபுரட்டி எழுதியது:

ஒலிவாங்கி சொன்னதைப் படித்ததும் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. “எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப்பட்ட நகைநான்கு என்ப.” நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு. எள்ளல், ஏளனம். இளமை, பிள்ளைத்தனம். பேதைமை, அறியாமை. மடன் என்பதற்கு உரைகாரர்கள் தரும் விளக்கம் அழகானது: கொளுத்தக் கொண்டு, கொண்டது விடாமை. யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, உலகமே இடிந்தாலும் விடாமல் தொங்குவது. இந்த நான்கும் தன்னிடத்திலும் தோன்றலாம், பிறரிடத்திலும் தோன்றலாம் என்று உரை விரிகிறது.

இதை வைத்துப் புதிதாக மேடை ஏறும் ஒருவரைப் பாருங்கள். அவரிடம் நான்கும் இருக்கின்றன, அவற்றுள் மூன்று அவருடைய சொந்தச் சொத்து. அவருக்கு உலகம் புரியவில்லை, காதல் புரியவில்லை, வங்கிப் படிவம் புரியவில்லை. புரியாததைப் பிடிவாதமாகப் புரிந்ததாக நினைத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார். நாம் சிரிக்கிறோம். பதினைந்து ஆண்டு கழித்து அவருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. இளமை போயிற்று. பேதைமை போயிற்று, போகாவிட்டாலும் மேலாளரும் வழக்கறிஞரும் மறைத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது எள்ளல் ஒன்று, அதுவும் பிறர்மேல் மட்டும். நான்கு ஊற்றில் மூன்று அடைபட்ட கிணற்றில் நீர் மட்டம் குறையாமல் என்ன செய்யும்?

அரைச்சிரிப்பு பணத்தைக் குற்றம் சொன்னார். முதல் வகுப்பில் உட்கார்ந்தவரையும் பார்த்துச் சிரிக்கலாம், அவர் அங்கே அசடாக இருந்தால். அங்கே உட்கார்ந்துகொண்டு பணிப்பெண்ணை அவர் அசடாக்கும்போதுதான் நம் முகம் இறுகுகிறது.

நள்ளிரவுவாசகி எழுதியது:

ஐயா, இது அமெரிக்க ஸ்டாண்ட்-அப் கலைஞர் ரிச்சர்ட் பிரையருக்கு அப்படியே பொருந்துகிறது. அவர் புகழ் பெற்ற பிறகு இன்னும் மேலே போனவர். 1967-இல் லாஸ் வேகாஸ் மேடையிலிருந்து நிகழ்ச்சியின் நடுவே இறங்கிப் போனார். அதுவரை எல்லோருக்கும் பிடித்த, சுத்தமான, யாரையும் உறுத்தாத நகைச்சுவை செய்துகொண்டிருந்தவர். பின்னர் வேறொரு ஆளாகத் திரும்பி வந்தார். 1980-இல் போதையில் தன் உடம்பில் தானே தீவைத்துக்கொண்டு உயிர் பிழைத்தார். 1982-இல் வெளிவந்த மேடைப் படத்தில் அதையே எடுத்துச் சிரிப்பாக்கினார். பணம் இருந்தது, புகழ் இருந்தது, ஆனாலும் அந்தக் கதையில் அசடு அவர்தான்.

புள்ளிக்கணக்கு எழுதியது:

எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு அமெரிக்கக் கலைஞர் ஜார்ஜ் கார்லினை எங்கே வைப்பீர்கள்? 1977 முதல் 2008 வரை எச்பிஓ தொலைக்காட்சிக்கு 14 ஸ்பெஷல், அதாவது தனி மேடை நிகழ்ச்சிகள். வயது ஏற ஏற அவரிடம் கூடியது எள்ளல்தான். மதம், அரசியல், நுகர்வு, மனித இனம் என்று ஒன்றையும் விடவில்லை. பலருக்கு அவருடைய பிற்காலம்தான் பொற்காலம். இறப்பதற்குச் சில மாதம் முன்புகூட ஒரு ஸ்பெஷல் செய்தார், வயது 70. மூன்று ஊற்று அடைபட்ட கிணறு இவ்வளவு இறைக்குமா?

ஏடுபுரட்டி எழுதியது:

நல்ல எதிர்வாதம். கார்லினிடம் மடன் கடைசிவரை இருந்தது என்பேன். ஒரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டார். ஏன் இப்படிச் சொல்கிறோம், ஏன் அப்படிச் சொல்வதில்லை என்று பத்து நிமிடம் குடைவார். அந்தப் பிடிவாதம்தான் சிரிப்பு. வெறும் கோபமாக இருந்திருந்தால் மேடைச் சொற்பொழிவு ஆகியிருக்கும்.

ஒலிவாங்கி எழுதியது:

சில இடங்களில் ஆகியும் இருக்கிறது. நான் கார்லின் பக்தன், ஆனாலும் கடைசி நிகழ்ச்சிகளில் கூட்டம் சிரிப்பதைவிடக் கைதட்டும் இடங்கள் அதிகம். இரண்டும் வேறு. சிரிப்பு நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கைதட்டலை நாம் யோசித்துத் தருகிறோம்: “நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், நானும் உங்கள் அணி.” கைதட்டல் மேடையில் இருப்பவருக்குச் சிரிப்பைவிட இனிமையாகக்கூட இருக்கும். ஒருமுறை அந்தச் சுவை பிடித்துவிட்டால் பஞ்ச் இருந்த இடத்தில் கருத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதன் துயரமான எல்லை அமெரிக்கக் கலைஞர் லென்னி புரூஸ். ஆபாச வழக்கில் 1964-இல் நியூயார்க்கில் தண்டிக்கப்பட்டார். கடைசிக் காலத்தில் மேடையில் அவர் பேசியது பெரும்பாலும் தன் வழக்கைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும்தான். நீதிமன்றப் பதிவுகளை வாசித்தே காட்டினார். அநீதி உண்மையானது, 1966-இல் இறந்தவருக்கு 2003-இல் அந்த மாநில ஆளுநர் மன்னிப்பும் வழங்கினார். ஆனால் டிக்கெட் வாங்கி வந்தவர்களின் காதில் விழுந்தது ஒரு மனு. இன்றைக்கும் சிலர் “என்னைப் பேசவிடமாட்டேன் என்கிறார்கள்” என்று முழு அரங்கில், முழு ஒலியில், கால் மணி நேரம் பேசுகிறார்கள். லென்னிக்கு இருந்த காரணமும் இவர்களுக்கு இல்லை.

மௌனசாட்சி எழுதியது:

நெடுநாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இதற்காக உள்ளே வந்தேன். எல்லோரும் கலைஞரையும் பார்வையாளரையும் பேசுகிறீர்கள். ஜோக்குக்கே ஆயுள் உண்டு என்பதை யாரும் சொல்லவில்லை.

பீட்டர் மெக்ரா என்ற ஆய்வாளர், நகைச்சுவை என்பது ஒரு மீறல், ஆனால் அது தீங்கற்றதாகத் தோன்றவேண்டும் என்று சொல்பவர். அவரும் கூட்டாளிகளும் 2012-இல் சாண்டி புயலைப் பற்றி இணையத்தில் வந்த கேலிகளை எடுத்து, வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு மக்களிடம் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். புயலின் சேதம் தெரிந்ததும் சிரிப்பு விழுந்தது. பிறகு மெல்ல ஏறி ஏறத்தாழ 36ஆம் நாள் உச்சம் தொட்டது. 99ஆம் நாள் பார்த்தால் அடியில் கிடந்தது. முதலில் வலி மிகுதி, கடைசியில் வலியே இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு சன்னல்.

தனி ஜோக்குக்கு நடப்பது ஒரு கலைஞரின் முழுப் பாணிக்கும் நடக்கிறது. கார்லின் 1972-இல் தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத ஏழு சொற்களை மேடையில் வரிசையாகச் சொன்னதற்காகக் கைதானார். அதை வானொலியில் ஒலிபரப்பியது பற்றிய வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய் 1978-இல் தீர்ப்பானது. அந்தச் சொற்கள் இன்று கைப்பேசி வைத்திருக்கும் எந்தச் சிறுவனுக்கும் தெரியும். மீறல் போய்விட்டது. இன்று முதன்முதலாகக் கேட்பவர் “இதில் என்ன இருக்கிறது?” என்பார். எதிர்த்திசையிலும் நடக்கும். நடிகரும் ஸ்டாண்ட்-அப் கலைஞருமான எடி மர்ஃபி 1983-இல் மேடையில் சொன்ன சிலவற்றைப் பற்றிப் பின்னாளில் அவரே கூசுவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று தீங்கற்றதாகப் பட்டது இன்று வெறும் தீங்காகத் தெரிகிறது.

அரைச்சிரிப்பு எழுதியது:

மௌனசாட்சி அடிக்கடி மௌனத்தைக் கலைக்கலாம்.

நள்ளிரவுவாசகி எழுதியது:

இதோடு கேட்பவரின் காதும் தேறிவிடுகிறது. எதிர்பார்ப்பு இறுகி, திடீரென்று ஒன்றுமில்லாததாகக் கரைவதுதான் சிரிப்பு என்றார் தத்துவஞானி காண்ட், 1790-இல். ஒருவரை ஐந்து மணி நேரம் கேட்டபிறகு எதிர்பார்ப்பு எப்படி இறுகும்? இரண்டு இயல்பான எடுத்துக்காட்டு சொன்னால் மூன்றாவது கோணலாக வரும் என்று தெரிந்துவிடுகிறது. மனைவியைப் புகழத் தொடங்கினால் கவிழ்க்கப்போகிறார் என்று தெரிகிறது. முதல் பத்து நிமிடத்தில் வந்த ஒரு பொருள் சும்மா வரவில்லை, முடிவில் திரும்ப வரும் என்பதும் தெரிகிறது. அவர் பஞ்சுக்குப் போவதற்குள் நாம் அங்கே போய்க் காத்திருக்கிறோம். கடைசிவரிசை, அந்தப் புதிய பெண் உங்களைத் தனிமையிலும் சிரிக்க வைத்ததற்கு இது காரணமாக இருக்கலாம். அவருடைய பாதைகள் உங்களுக்கு இன்னும் தெரியாது.

ஒலிவாங்கி எழுதியது:

பாதை தெரிந்துபோகும் வேகமும் கூடிவிட்டது. வாடெவில் என்ற பழைய அமெரிக்கப் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளின் காலத்தில் ஒருவர் அதே பன்னிரண்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆண்டுக்கணக்கில் பிழைக்கலாம். தொலைக்காட்சி வந்ததும் ஒரே இரவில் நாடே அதைக் கேட்டுவிட்டது. நகைச்சுவைக் கலைஞர் பில்லிஸ் டில்லர் தன் வாழ்நாளில் சேர்த்த ஜோக்குகளைத் தட்டச்சு செய்த அட்டைகளாக ஓர் இரும்பு அலமாரியில் வைத்திருந்தார். 50,000-க்கும் மேல். இப்போது அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு தீனி வேண்டியிருந்தது தொலைக்காட்சிக்கு. இன்றோ ஒரு துண்டு காணொளி வெளியானால் அந்த ஜோக் அன்றே செத்தது. அதனால்தான் இளைஞர்கள் பார்வையாளரோடு வாய்கொடுக்கும் க்ரவுட் வொர்க் துண்டுகளை மட்டும் இணையத்தில் போடுகிறார்கள். எழுதித் தேய்த்த சரக்கு கையைவிட்டுப் போகாது. அதில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. “எந்த ஊர், என்ன வேலை” என்று கேட்டே பெயர் வாங்கியவரிடம் ஒரு மணி நேரம் எதிர்பார்த்து டிக்கெட் வாங்குகிறார்கள். அவரிடம் அந்த ஒரு மணி நேரம் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை.

கடைசிவரிசை எழுதியது:

படிக்கப் படிக்க ஒரு சந்தேகம். பாதை தெரிந்துவிட்டால் சிரிப்பு போகும் என்றால், அவருடைய முதல் நிகழ்ச்சியை இன்றும் போட்டுப் பார்க்கிறேனே, ஒவ்வொரு வரியும் மனப்பாடம், சலிக்கவில்லையே?

நள்ளிரவுவாசகி எழுதியது:

முன்போலச் சிரிக்கிறீர்களா, அல்லது மகிழ்ச்சியாக உட்கார்ந்திருக்கிறீர்களா?

கடைசிவரிசை எழுதியது:

இரண்டாவது.

நள்ளிரவுவாசகி எழுதியது:

அது பாட்டுக் கேட்பது. பழகிய ஒன்றைப் பழகியதாலேயே விரும்புகிறோம் என்று உளவியலாளர் சயான்ஸ் 1968-லேயே காட்டினார். பழைய நிகழ்ச்சிக்கு அந்தச் சலுகையைத் தருகிறீர்கள். புதிய நிகழ்ச்சிக்கு அது கிடையாது, அதை ஜோக்காகத்தான் எடைபோடுகிறீர்கள். பாவம், அவர் தன்னோடு தானே போட்டியிட வேண்டியிருக்கிறது, அதுவும் தன் பாட்டோடு.

புள்ளிக்கணக்கு எழுதியது:

இருந்தாலும் என் முதல் பதிலை யாரும் மறுக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். முதல் பத்தாண்டில் காணாமல் போனவர்களை நாம் எண்ணுவதே இல்லை.

அரைச்சிரிப்பு எழுதியது:

சரி, உருப்படியாக ஒன்று கேட்கிறேன். இந்தப் பெயர் சொல்லாதவருக்கு அடுத்த முறை டிக்கெட் வாங்கலாமா வேண்டாமா?

ஒலிவாங்கி எழுதியது:

பதிவு செய்யும் இரவுக்கு வாங்காதீர்கள். அதற்கு ஆறேழு மாதம் முன்பு, முன்னறிவிப்பு அதிகமில்லாமல், சிறிய அறைகளில் சரக்கைச் சோதித்துப் பார்ப்பார்கள். கைப்பேசியைப் பூட்டிய பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள் பலர். கையில் தாள் வைத்துக்கொண்டு வருவார், பாதி ஜோக் படுத்துவிடும், நீங்கள் சிரிக்காவிட்டால் அவர் அந்தத் தாளில் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். கடைசிவரிசை போன்றவர்கள் அங்கேதான் தேவை. அவர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் அந்தக் கலைஞருக்கு லாபம்.

கடைசிவரிசை எழுதியது:

சிரிக்காமல் இருப்பதற்குப் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கவேண்டுமா?

ஒலிவாங்கி எழுதியது:

அந்த அறைகளில் டிக்கெட் மலிவு.